எழுத்துத் தேர்வில் மட்டும் தேறியவர்

"என்டர்பிரைஸா, செக்யூரிட்டியா? அதை முதல்ல முடிவு பண்ணுங்க. ரெண்டுக்கும் ரிட்டன் எக்ஸாம் ரெண்டு மணி நேரம்தான். பாஸ் பண்ண நாள்லேர்ந்து மூணு வருஷத்துக்குள்ள லேப்ல போய் உட்காரணும். இல்லைன்னா ரிட்டன் செல்லாது. டிகிரியெல்லாம் கேக்கவே மாட்டாங்க."

ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் பாதி உரித்த ஆரஞ்சு. மறுமுனையில் இருப்பவர் யாரென்று அவருக்குத் தெரியாது. யாரிடமாவது எண் வாங்கிக்கொண்டு யாராவது கூப்பிடுவார்கள். முந்நூறு படுக்கை கொண்ட மருத்துவமனையின் கணினி வலையைக் கட்டி மேய்ப்பது அவர் உத்தியோகம். பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. மற்ற இடங்களில் அவர் சிலபஸ்.

வலைப் பொறியாளர்களுக்கு எக்ஸ்பர்ட் சான்றிதழ்தான் மலையுச்சி. ஏற ஐந்து தடங்கள் உண்டு, ஐந்தும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதலில் எழுத்துத் தேர்வு, பிறகு எட்டு மணி நேரச் செய்முறை. அதில் முதல் மூன்று மணி நேரம் வலையை வடிவமைக்க வேண்டும். அந்தப் பகுதியை மூடிவிட்டால் திரும்பிப் போக வழியில்லை. மீதி ஐந்து மணி நேரத்தில் கட்டி, ஓடவிட்டு, பழுது பார்த்துக் காட்ட வேண்டும். அவர் சொல்லச் சொல்லக் கேட்கிறவருக்கு வியர்த்துவிடும்.

இத்தனையும் கரைத்துக் குடித்தவரிடம் ஒரேயொரு சின்னக் குறை. அவர் அந்தச் செய்முறை அறைக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை.

பதினைந்து ஆண்டுகளில் ஐந்து எழுத்துத் தேர்வுகள், ஐந்திலும் முதல் முயற்சியிலேயே வெற்றி. முதல் தடத்தின் மூன்றாண்டுக் கெடு முடியும் சமயத்தில் பாடத்திட்டம் மாறப்போவதாக ஒரு வதந்தி கிளம்பியது. மாறட்டும் என்று காத்திருந்தார். இரண்டாவதன்போது மகளுக்கு அம்மை. மூன்றாவதன்போது, நான்காவது தடம்தான் எதிர்காலம் என்று ஞானம் பிறந்தது. நான்காவதன்போது முதுகுவலி. ஒருமுறை தேறியதை மறுபடி எழுதுவது கௌரவக் குறைச்சல் என்பதால், ஐந்தாவதோடு அவருக்கு ஓடி ஒளியத் தடம் தீர்ந்துபோனது.

"அஞ்சு நிச்சயதார்த்தம் ஆச்சு, கல்யாணம்தான் ஒண்ணும் நடக்கல" என்பார் மனைவி. "என் விஷயத்துல நல்லவேளையா மாமனார் மணமேடை வரைக்கும் இவரு கூடவே வந்து நின்னாரு."

பக்கத்து மேசையில் உட்காரும் பெண்ணும் அவரிடம் விவரம் கேட்டுத்தான் தேர்வில் இறங்கினார். செய்முறையில் இரண்டு முறை கோட்டை விட்டார். இரண்டு முறையும் மறுநாளே வேலைக்கு வந்து, வழக்கத்தைவிடக் கூடுதலாகவே சாப்பிட்டார். "ஃபெயிலானா என்னண்ணா, வீட்டுக்குள்ள விடமாட்டாங்களா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

சிலபஸ் வெகுநேரம் மவுஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உனக்குப் பரவாயில்லம்மா. நான் ஃபெயிலானா, அப்புறம் எனக்கு யாரு போன் பண்ணுவாங்க?"

இருந்தாலும் இம்முறை நாள் குறித்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமையோடு ஐந்தாவது கெடுவும் முடிகிறது. வேறொரு நகரத்தில் வியாழன் காலை எட்டு மணிக்குச் செய்முறை. புதன் மதியம் மூன்று மணிக்கு ரயில். பெட்டியோடுதான் வேலைக்கு வந்தார்.

பதினொரு மணிக்கு மருத்துவமனை வலை மொத்தமும் படுத்தது. பதிவு மேசையில் வரிசை வாசல்வரை நீண்டது, மருத்துவர்கள் ஸ்கேன் படம் வராமல் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். சிலபஸ் பன்னிரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். கூட்ட அறையில் ஒரு கேபிளின் முனை தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பெருக்க வந்தவர், பாவம் சும்மா கிடக்கிறதே என்று அதைப் பக்கத்துத் துளையில் செருகிவிட்டார். ஒரே கேபிளின் இரண்டு தலைகளும் ஒரே இணைப்புப் பெட்டிக்குள்; அனுப்பியதே ஓயாமல் சுற்றிச் சுற்றி வந்து வலைக்கு மூச்சு முட்டிவிட்டது. ஒரு முனையை உருவினார். எல்லாம் உயிர் பெற்றது. தலைமை மருத்துவரே வந்து கை குலுக்கினார்.

"அதான் எடுத்தாச்சே. கிளம்புங்கண்ணா" என்றார் பக்கத்து மேசைப் பெண்.

"இன்னும் எத்தனை ரூம்ல இப்படித் தொங்குதோ. எல்லாத்தையும் ஒரு தடவை பாத்துட்டா நிம்மதியாப் போலாம்."

"நான் பாக்க மாட்டேனா?"

"நீயும் பாப்பேம்மா. இருந்தாலும்…"

அறைகள் எழுபத்தொன்று. ஒவ்வொரு மேசைக்கடியிலும் தவழ்ந்தார். அப்படியொரு சிரத்தையை அந்தக் கட்டடம் கண்டதில்லை. பெண் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாகப் பின்னால் வந்தார். "கீழ டாக்ஸி நிக்குதுண்ணா." பிறகு, "இன்னும் நிக்குதுண்ணா." மூன்று இருபதுக்கு அவர் ஐந்தாம் மாடியில், எலும்பு மருத்துவரின் மேசைக்கடியில் இருந்தார். எழுபத்தோரு அறைகளிலும் தொங்கிய முனை வேறு ஒன்றுகூட இல்லை. பெண் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

வீட்டில் மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பெட்டியப் பிரிக்கட்டுமா, இல்ல இப்படியே இருக்கட்டுமா?"

"பிரிச்சிடு" என்றார்.

வியாழனன்று அவர் விடுப்பில் இருப்பதாகக் கணக்கு. ஆகவே யாரும் தேடவில்லை. எட்டு மணி தாண்டி, ஏதோ ஒயர் எடுக்க சர்வர் அறைக் கதவைத் திறந்த பக்கத்து மேசைப் பெண் அப்படியே நின்றுவிட்டார். கடிகாரத்தைக் கழற்றி மேசையில் எதிரே வைத்துக்கொண்டு, விசைப்பலகைமேல் பத்து விரல்களையும் பரப்பி, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் சிலபஸ். எதிரே இருந்த திரை அணைந்திருந்தது.

"அண்ணா?"

அவர் திரும்பவில்லை. பேசக் கூடாத இடத்தில் இருப்பவர்போல, உதட்டின்மேல் ஒரு விரலை மட்டும் வைத்தார்.