சொம்பை வாங்காத வேட்பாளர்

போன வாரம் ஓட்டுக் கேட்டு வந்த பையன் ஒருவனிடம், "உள்ள வாப்பா, தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றேன். "ஜீப்புல சோடா இருக்குதுங்க பெரியவரே" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். இப்போது அதற்கெல்லாம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. எனக்குத்தான் தேவசகாயம் ஞாபகம் வந்து, அன்று சோறு இறங்கவில்லை.

வெள்ளைக்காரன் காலம். ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு ஷெட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியின் வாடை இன்றைக்கும் எங்காவது அடித்தால் மற்றவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள், எனக்குப் பசிக்கும். அந்த வாடையோடுதானே மத்தியானச் சாப்பாட்டைத் தின்றேன். ஆனால் அந்தக் குழித் தண்ணீர் எங்கள் தெருக் கிணற்றிலும் இறங்கிக்கொண்டிருந்தது. பருப்பு வேகாது. சோறு பழுப்பாக இருக்கும். அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிறந்த பிள்ளைக்கு ஓயாத வயிற்றுப்போக்கு.

தேவசகாயம் எங்கள் தெருக்காரன்தான். மதராஸில் படித்துவிட்டு வந்து, மேட்டுப் பக்கம் நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டுவேன் என்று பஞ்சாயத்துப் பிரசிடெண்டுக்கு நின்றான். நான் அவனுக்காகத் தொண்டை கட்டக் கத்தினேன். என் கத்தலுக்கு என் வீட்டு ஓட்டுகூட விழவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் வந்தவருக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர். தேவசகாயம் வேண்டாமென்று கும்பிட்டுவிடுவான். எங்கள் வீட்டிலும் அப்படியே செய்தான். அப்பாவின் முகம் சுருங்கிப்போயிற்று.

"இன்னாப்பா, மெட்ராஸ் போய்ட்டு வந்தா எங்க தண்ணி எறங்காதா?"

"அந்தத் தண்ணி வேணாம்னுதானே மாமா நிக்கிறேன். கொழந்த வயித்தப் பாருங்க."

"நாங்க குடிக்கிறோமே. நாங்க மனுசங்க இல்லியா?"

அவன் மறுபடி கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினான். வெளியே வந்ததும், "ஒரு வாய் குடிச்சித் தொலையேன்டா" என்று கெஞ்சினேன்.

"குடிச்சிட்டு, குடிக்காதீங்கன்னு எப்பிடிடா சொல்றது?" என்றான்.

எதிர்த்து நின்றவர் பட்டை மண்டிக்காரர். தோல் பதனிட ஷெட்டுகளுக்கு ஆவாரம்பட்டை விற்பவர். கிணற்றைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. வீடு வீடாக உட்கார்ந்து, சொம்பை அண்ணாந்து குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, யாருக்குக் கல்யாணம், யாருக்குக் காய்ச்சல் என்று விசாரித்தார். அப்போதெல்லாம் ஓட்டு என்றால் கை தூக்குவதுதான்; சாவடி முன்னால் கை தூக்கச் சொன்னபோது அப்பாவின் கை அவருக்குத்தான் எழுந்தது. தெருவே அவருக்குத்தான் கை தூக்கியது. அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். தன் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தவரை மனிதன் நம்பத்தான் செய்வான்.

அந்தக் கோடையில் அக்காவின் பிள்ளை போய்விட்டது. முதல் ஆளாக வந்தவர் பிரசிடெண்டுதான். தரையில் உட்கார்ந்து அழுதார். பொய் அழுகை இல்லை. அப்பா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். "பாரு, நம்ம ஆளு வந்துட்டாரு" என்று அம்மா என்னிடம் சொன்னாள். வாசலில் நின்றுகொண்டிருந்த தேவசகாயத்தை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

அக்கா மட்டும் எழுந்து வாசலுக்குப் போனாள்.

"கெணறு எங்கடா வெட்றேன்னு சொன்ன?"

அவன் மேட்டுப் பக்கம் கையைக் காட்டினான். அக்கா அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறு வருஷம் அவன் கோலார் பக்கம் வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். மண்டிக்காரர் போனார், அப்பா அம்மா போனார்கள், அக்காவும் போய்விட்டாள். பழைய கிணற்றை மண் கொட்டி மூடிவிட்டார்கள். மேட்டில் இப்போது ஷூ கம்பெனி நிற்கிறது. அங்கே கிணறு வெட்டக் கடைசிவரை யாரும் ஒரு கடப்பாரை போடவில்லை.