தேநீர் ஊற்ற வைத்த அம்பிட்டிய மேசை

சட்டப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துவது என் பிழைப்பு. பத்து வருடமாக "ஏன் மிஸ்?" என்று கேட்டவர்களை "சட்டம் அப்பிடித்தான், எழுது" என்று வாயடைத்திருக்கிறேன். அந்த உறுத்தலில்தான் போன புதன்கிழமை கண்டிக்குக் கிளம்பினேன். அங்கே அம்பிட்டியவில் ஒரு பல்கலைக்கழகத்தின் சட்டக் கோட்பாட்டு ஆய்வு மையம் இருக்கிறது. புதன்கிழமைகளில் பத்தரைக்கு யாரும் போய் உட்காரலாம்.

கொழும்பில் ஐந்தரைக்கு பஸ் ஏறி, ஒன்பது பத்துக்குக் கண்டியில் இறங்கினேன். நல்ல மழை. அம்பிட்டியவுக்கு ஐந்து கிலோமீற்றர். ஓட்டோவுக்கு அறுநூறு ரூபாய் பேசினேன். ஓட்டியவர் கண்டி மஹய்யாவப் பகுதியைச் சேர்ந்த செல்வராஜ்.

"சட்ட ஆபீசா மிஸ்? ஒரு நிமிஷம், வீட்டுப் பக்கம் போயிட்டுப் போறோம்."

அந்த ஒரு நிமிஷம் இருபது நிமிஷமானது. எனக்கு எரிச்சல். ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே மின்சார பில்கள், தாத்தாவின் வேலை அட்டை. நான்கு தலைமுறையாக இருக்கும் வீட்டுக்கு உறுதிப் பத்திரம் இல்லை. அதிகாரிகள் வீட்டை விட்டு எழும்பச் சொல்கிறார்கள், வெள்ளிக்கிழமை விசாரணையாம். அந்த மையத்தில் வழக்கெல்லாம் பேச மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லத் தைரியம் வரவில்லை.

மையம் என்றால் ஒரு பழைய வீடு, நீள மேசை, பத்துக் கதிரை. செல்வராஜ் பையை மேசையில் கொட்டினார். பொறுப்பாளர் ரிஹானா ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அண்ணன், நாங்க வழக்குப் பேசுற ஆக்கள் இல்ல. கேள்வி கேக்குற ஆக்கள்."

செல்வராஜின் முகம் வாடிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"இருங்க, போகாதீங்க. இண்டைக்கு உங்கட கேள்வியத்தான் பேசப் போறம்" என்றார் ரிஹானா.

அந்த மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. "சட்டம் அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் எழுந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்ற வேண்டும். காகிதம் இல்லாவிட்டால் உரிமை ஏன் இல்லாமல் போகிறது? தாத்தாவுக்கு வீட்டைக் கொடுத்தவர்கள் ஏன் காகிதம் கொடுக்கவில்லை? பன்னிரண்டரைக்குள் மூன்று தரம் தேநீர் வந்தது. ஒரு தரம் ஊற்றியது நான். செல்வராஜ் ஒருமுறைகூட எழவில்லை; அவர் ஏன் ஏன் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். முடிவு எதுவும் வரவில்லை. போகும்போது இலவசச் சட்ட உதவி கிடைக்கும் இடத்தை ரிஹானா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: அனுமதி இலவசம். குடை கட்டாயம். திரும்ப பஸ் கிடைக்கும், ஆனால் காத்திருக்க வேண்டும். வழக்கோடு போகாதீர்கள், கேள்வியோடு போங்கள். ஆனால் இரண்டுக்கும் நடுவே தூரம் அதிகமில்லை என்று எனக்கு வெள்ளிக்கிழமைதான் புரிந்தது.

அன்று மாலை செல்வராஜ் அழைத்தார்.

"என்ன நடந்தது?" என்றேன்.

"ஆபீசர் 'சட்டம் அப்படித்தான்'னாரு மிஸ். 'ஏன் சார்?'னு கேட்டேன். ஃபைலப் பொரட்டிப் பொரட்டிப் பாத்தாரு. அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாரு."

"அப்ப வீடு?"

"இப்போதைக்கு உள்ளதான் இருக்கோம். ஆனா மிஸ், நியாயப்படி அவருதானே டீ ஊத்தியிருக்கணும்?"