உட்கார்ந்தால்தான் சோறு

மான்செஸ்டரில் செவிலியராக இருக்கும் என் மகள் கலைவாணியின் வார்டிலும் நோயாளிகள் வீடு திரும்பும்போது இனிப்பு வைத்துவிட்டுப் போகிறார்கள். கோயம்புத்தூரில் ஜிலேபிப் பெட்டி. இங்கே சாக்லேட் டின். கடல் தாண்டி வந்து நான் கண்ட முதல் விநோதம் இந்த ஒற்றுமைதான்.

அவளுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாக டாக்டர் சொன்னதிலிருந்து, மத்தியானம் சரியாகச் சாப்பிடுவதில்லையோ என்று எனக்குச் சந்தேகம். தினமும் அரிசிம்பருப்பு சாதம் கட்டிக் கொடுக்கிறேன். டப்பா காலியாகத் திரும்புகிறது. “மத்தியானம் சாப்பிட்டியா கண்ணு?” என்றால், “சாப்ட்டேனுங்கப்பா” என்பாள். அந்த ‘ங்க’வை நான் நம்புவதில்லை. கொங்கு நாட்டில் பிறந்தவனுக்குத் தெரியும், எங்கள் மரியாதைக்குள் ஒரு முழுப் பொய்யை மடித்து வைத்துவிடலாம்.

ஒருநாள் அவள் டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். கொடுக்கும் சாக்கில் உளவு பார்க்கப் போனேன். “ஃபார் கலை” என்று நீட்டினேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண், யாரோ நோயாளியின் உறவினர் நன்றி சொல்ல வந்திருப்பதாக நினைத்துவிட்டாள். “ஸோ கைண்ட்!” என்று வாங்கி, எல்லோருக்கும் பொதுவாகச் சாக்லேட் டின்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் விளக்குவதற்குள் கலைவாணி ஓடி வந்தாள். என்னைக் கவனிக்காமல், நின்றபடியே இரண்டு சாக்லேட்டை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாள். அப்போதுதான் பார்த்தாள்.

“ஏனுங்கப்பா, நீங்க எங்க இங்க?”

“இதுதான் மத்தியானச் சோறா அம்மணி?”

“சோறுன்னா உக்காரோணுமுங்கப்பா. இதுன்னா வாயில போட்டுட்டு ஓடலாம்.”

“அப்ப டப்பா எப்படிக் காலியாகுது?”

“சாயங்காலம் பஸ்ஸுல தின்னுபோடுவேனுங்க. அப்புறம் ஊட்டுல உங்ககூட இன்னொருக்கா. வேண்டாம்னா நீங்க வருத்தப்படுவீங்கல்ல.”

‘உக்காரோணும்’ என்ற சொல் என்னைக் கோயம்புத்தூரை அடுத்த துடியலூருக்குத் தள்ளியது. அங்கே ஒரு மருத்துவமனையில் நிர்வாக அலுவலராக இருந்தேன். செவிலியர்கள் உட்கார்ந்திருந்தால் வேலை செய்யாமல் ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றும் எனக்கு. வார்டு மேசையருகே இருந்த நாற்காலிகளைச் சாமான் அறைக்கு அனுப்பச் சொன்னேன். மாற்று ஆள் வராமல் இரட்டை டூட்டி பார்த்த நாள்களிலும் அவர்களுக்கு ஜிலேபியும் டீயும்தான் சாப்பாடு. தலைமைச் செவிலியர் ராஜாமணி ஒருமுறை கேட்டார்: “ஏனுங்க சார், நாங்க நின்னுட்டே ஜிலேபி தின்னா நோயாளிக்குச் சீக்கிரம் கொணமாகுமுங்களா?” நான் சிரித்தேன். நாற்காலிகள் திரும்பவில்லை.

ஓய்வுபெறும் முன்பே ராஜாமணிக்குச் சர்க்கரை வந்துவிட்டது. கலைவாணியின் வார்டிலிருந்து வீடு வந்ததும் அவரைத் தொலைபேசியில் அழைத்து, நாற்காலி விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். எங்கப்பனுக்கும் சக்கரை இருந்துச்சுங்க. நீங்க சாப்ட்டீங்களா?” என்றார். மன்னித்தாரா, மரியாதைக்குச் சொன்னாரா? தெரியவில்லை.

அன்று மாலை கலைவாணிக்குத் தட்டு வைத்தேன். “பசிச்சா மட்டும் சாப்பிடு கண்ணு. எனக்காக வேண்டாம்” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தட்டை நகர்த்தி வைத்தாள். “வேண்டாம்ப்பா.”

‘ங்க’ இல்லை. நம்பினேன்.

அவள் தூங்கப் போனபின் என் சோற்றைப் போட்டுக்கொண்டேன். மேசையருகே இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தும் உட்கார மனம் வரவில்லை. நின்றபடியே சாப்பிட்டேன். காலடியில் மான்செஸ்டரின் சில்லிட்ட தரை; கால் வலித்ததென்னவோ துடியலூர் வார்டில்.