விமானிக்கு நான் கற்றுக்கொடுத்தது

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று உதியன்குளங்கரையில் ரோட்டோரம் வரிசையாக நிற்கும் கடைகளெல்லாம் என்னுடையவை. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை யாரிடம் கேட்டாலும் என் பெருமைகளைச் சொல்வார்கள், நானே சொல்லிக் கேட்டிருப்பார்கள். ஆனால் அவற்றில் பெரியதை மட்டும் ஐம்பது வருடத்துக்கு மேலாக வெளியே விட்டதில்லை. குண்டு போடும் விமானத்தை ஓட்டிய ஒருவருக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்.

அப்போது பனச்சமூட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். அந்த வயதிலேயே சொந்தக் கடை. விமானப்படையிலிருந்து லீவில் வந்திருந்த பெரிய வீட்டு அண்ணன் ஒருநாள் விடியற்காலையில் கடை முன்னால் தயங்கி நின்றார்.

"எலே, எனக்குச் சைக்கிள் அறியாது. விழுந்திருவேன்ணு அப்பா தொடவே விட்டதில்ல. அங்க எல்லாவனும் விமானத்துக்கிட்ட சைக்கிள்லயாக்கும் போறது. நான் மட்டும் நடக்கேன். நாணக்கேடு! நீ படிப்பிச்சுத் தா. ஆருட்டயும் சொல்லப்பிடாது."

"சொல்லமாட்டேன் அண்ணே. வாடகையில மட்டும் குறைவு கிடையாது."

ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதையில் தினமும் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். லீவு முடிந்து போனார். வங்கதேசப் போர் வந்தது. அவர் ஓட்டிப்போன விமானம் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

வருடந்தோறும் ஊர் நூலகத்தில் அவர் படத்துக்கு மாலை போடுவார்கள். நாற்காலியும் சாயாவும் என் செலவு. வீரர், தீரர் என்று ஆளாளுக்குப் பேசுவார்கள். முதல் வரிசையில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் மனைவிக்குத் தெரியும்.

இந்த வருடம் கூட்டம் முடிந்ததும் அண்ணனுடைய அக்கா என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். எண்பது தாண்டியவர்.

"மக்கா, நீ பண்டு பனச்சமூட்டுல கடை வச்சிருந்தவனல்லவா? கடைசி லீவுல அவன் விடியும்முன்ன எங்கயோ போவான். சட்டையெல்லாம் மண்ணாட்டு வருவான். கேட்டா சிரிப்பான். ஏதோ பெண்ணுதான்ணு அம்மை சண்டை போட்டா. அவ ஆருண்ணு அறியுமா? உயிரோட உண்டும்ணா ஒருக்கா பாக்கணும். அவனை நெனைக்கதுக்கு என்னை விட்டா இனி ஆளில்ல."

தெரியாது என்று சொல்லியிருந்தால் என் வாக்கு நின்றிருக்கும். ஆனால் இந்த வயதில் அக்கா, இல்லாத ஒருத்தியைத் தேடிக்கொண்டிருப்பார்.

"பெண்ணில்ல அக்கா. சைக்கிளாக்கும்."

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா சுவரிலிருந்த தம்பியின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவ இல்ல" என்றார். பிறகு, "விழுந்தானா?" என்று கேட்டார்.

"தினமும் விழுந்தாரு. எம்மேலயும் விழுந்தாரு."

அக்கா சிரித்தார். இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, பிறகு என்ன என்பதுபோல் பார்த்தார். சொன்னேன். கடைசி நாள் நான் பிடியை விட்டது அண்ணனுக்குத் தெரியாது. வளைவு வரை போய்த் திரும்பினார். ஆனால் இறங்கத் தெரியவில்லை. என்னைக் கடந்து போனார், திரும்பி வந்தார், மறுபடியும் கடந்து போனார், கத்திக்கொண்டே.

"கத்தினானா? என்னண்ணு? அவனைப்போல ஒருக்கா கத்து மக்கா. அவன் சத்தம் எனக்கு மறந்துபோச்சு."

எழுந்து நின்று, அந்த அறை அதிரக் கத்தினேன்.

"எலே! இதை எப்பிடியாக்கும் நிறுத்தது?"

பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது.

"இன்னொருக்கா" என்றார் அக்கா.