மாதா பீடத்து சாக்லேட்டும் சலதாரை எறும்பும்

சாக்லேட்டை எனக்குப் பழக்கிவிட்டவன் என் மச்சான், என் பெண்டாட்டியின் தம்பி. அதற்காக அவனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், லீவில் செஞ்சிக்கு வரும்போதெல்லாம் கான்டீனில் வாங்கிய சாக்லேட்டோடு வருவான். ஊரில் சர்க்கரைக்கே ரேஷன், மண்ணெண்ணெய்க்கு அடிதடி. இவன் பாட்டுக்கு மினுமினுக்கும் காகிதம் சுற்றிய கட்டியை என் கையில் திணித்து, தின்று பார் மாமா என்றான். முதலில் கசந்தது. துப்பலாமா என்று நினைப்பதற்குள் இனித்தது. அன்றைக்குப் பிடித்தது சனி. கமர்கட்டும் கடலை உருண்டையும் தின்று நிம்மதியாக இருந்த நாக்கு, அதற்குப் பிறகு வேறு எதற்கும் மசியவில்லை.

அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு முதலாளியின் பஸ்களுக்கு ஏஜெண்டாக இருந்தேன். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்கள் கரியில் ஓடின. வண்டியின் பின்பக்கம் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு. அதில் கரியைக் கொட்டி, காற்றாடியைச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்த பிறகுதான் எஞ்சின் மனசு வைக்கும். ஒருநாள் அந்த அடுப்பைக் கிளறும்போது கங்கு ஒன்று என் வலது பாதத்தில் விழுந்தது. சின்னப் புண்தான். மஞ்சள் வைத்தேன், வேப்பெண்ணெய் தடவினேன், ஊரில் ஆளுக்கொரு பச்சிலை சொன்னார்கள், அதையும் கட்டினேன். புண் ஆறுவதற்குப் பதில் ஆழமாகிக்கொண்டே போனது. கடைசியில் திண்டிவனத்து டாக்டரிடம் போனேன்.

அவர் காலைப் பார்ப்பதற்கு முன்னால் மூத்திரத்தைக் கேட்டார். குழாயில் இருந்த நீல மருந்தில் அதைச் சில சொட்டு விட்டுச் சூடு காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் போய் நின்றது. நீரிழிவு என்றார். பிறகு புண்ணைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை குறையலைன்னா இது ஆறாது. ஆறலைன்னா கணுக்காலோட எடுக்க வேண்டியதுதான்" என்றார், தலைமுடியை வெட்டச் சொல்கிற மாதிரி.

அந்த டாக்டரை எனக்குப் பிடிக்கவே இல்லை. அரிசி கூடாது, வெல்லம் கூடாது, கிழங்கு கூடாது, பழம் கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனார். மிச்சம் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். கேழ்வரகு, கீரை, பாகற்காய், மோர் என்றார். அதுவும் அளவோடு. பேசும்போது அவர் மேஜையில் பாதி கடித்த பிஸ்கட் ஒன்று கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னதையெல்லாம் என் பெண்டாட்டி வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். எண்ணெயைக் குறை என்று அவர் சொன்னது இவள் காதில் எண்ணெயே கூடாது என்று விழுந்தது. உப்பைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, ஆனால் எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் குறைத்துவிட்டாள். எனக்குத் தனிச் சட்டி, தனி அடுப்பு. கல் மாதிரி ஒரு களி உருண்டை, வேகவைத்துப் பிழிந்த பாகற்காய். தினமும் தட்டைப் பார்த்ததும் திட்டுவேன். மாடு கூட முகர்ந்துவிட்டுப் போய்விடும் என்பேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். நான் கடைசி வாய் விழுங்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு அடுப்படிக்குப் போய் அவள் தனியாகச் சாப்பிடுவாள். மகளை அனந்தபுரத்தில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு வேறு வேலையும் இல்லை.

இந்த நேரம் பார்த்து மச்சான் மறுபடியும் லீவில் வந்தான். கடல் தாண்டி அனுப்பப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு தகர டப்பா நிறையச் சாக்லேட்டை அக்காளிடம் கொடுத்துவிட்டு, அழுதுவிட்டுப் போனான். எனக்கு வந்த வியாதியைப் பற்றி அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்தான். கொடுத்ததைத் தூக்கி எறியவோ அக்கம்பக்கத்தில் பங்கு போடவோ அவளுக்கு மனசு வரவில்லை. தம்பி உயிரோடு திரும்பி வந்தால் கோயில் வாசலில் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, டப்பாவைக் கொண்டுபோய் மாதா பீடத்தில் வைத்துவிட்டாள். பீடம் என்றால் நடு அறைச் சுவரில் ஒரு மாடம், அதில் மாதாவின் சுரூபம், ஒரு விளக்கு. அங்கே வைத்ததை எங்கள் கிறிஸ்தவ ஆட்களில் எவனும் தொட மாட்டான். என்னைக் கட்டிப்போட அவளுக்கு அதைவிட நல்ல கயிறு கிடைத்திருக்காது.

செஞ்சி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுற்றிலும் பாறை மலை. காலையில் வாங்கிய சூட்டை அது மத்தியானம் முழுக்க ஊர்மேல் கக்கும். அந்தச் சூட்டில் டப்பாவுக்குள் இருந்தது உருகும். உருகினால் வாசனை வரும். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து களியைப் பிட்டு வாயில் வைக்கும் நேரத்துக்குச் சரியாக வரும். மாதாவுக்கு ஏற்றிய சாம்பிராணி அதன் முன்னால் நிற்கவே முடியாது. எனக்கு வாயெல்லாம் எச்சில் ஊறும், கண்ணில் தண்ணீர் முட்டும், கோபம் பொத்துக்கொண்டு வரும். நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனிதன் மிட்டாய்க்கு அழுவதா என்று என்னையே திட்டிக்கொள்வேன். பிறகு மச்சானைத் திட்டுவேன். பிறகு கான்டீன் நடத்துகிறவனை.

ஆசையை அடக்க என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். மடியில் வெந்தயம் முடிந்துகொண்டு, நினைப்பு வரும்போதெல்லாம் மென்றேன். மோரைச் செம்பு செம்பாகக் குடித்தேன். ஆசை வந்தால் எழுந்து நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புண்ணோடு எங்கே நடப்பது? சிங்கவரத்திலிருந்து வரும் கிழவி ஒருத்தி விற்ற நெல்லிக்காயைக் கடித்து, மேலே தண்ணீர் குடித்து, அந்தப் பொய்யான இனிப்பை நாக்கில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். டப்பாவை மட்டும் தொடவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். கால் போய்விடும் என்ற பயத்தால் தொடவில்லை, மாதா பார்க்கிறாள் என்ற பயத்தால் தொடவில்லை. எதனால் என்றாலும் தொடவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசுகாலம் வந்தது. என் பெண்டாட்டி ஒருசந்தி பிடித்தாள். பகலில் ஒரே வேளைச் சாப்பாடு. முகம் ஒட்டிப்போய், ரவிக்கை தொளதொளத்துப்போய், எப்போது பார்த்தாலும் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். விரதத்தைக் கூட ஊரே பார்க்கும்படிதான் இருப்பாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த நாட்களில்தான் எறும்பு வந்தது. வீட்டுக்குப் பின்னால் ஓலை மறைப்புக்குள், ஒன்றுக்குப் போக ஒரு சலதாரை. ஆண்கள் ஏரிக்கரைப் பக்கம் போவதுதான் வழக்கம். கால் புண்ணால் நானும் அந்த மறைப்பைத்தான் உபயோகித்தேன். எங்கள் ஊரில் சர்க்கரை வியாதியைக் கண்டுபிடிக்க யாரும் திண்டிவனம் போவதில்லை. ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தால் முடிந்தது. ஒருநாள் காலையில் சலதாரை ஓரமெல்லாம் எறும்பு. நான் பல்லு விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் விளக்குமாற்றோடு வந்து எதிரில் நின்றாள். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷனை நீ என்றுதான் சொல்வாள். இவள் நீங்க என்று ஆரம்பித்தால் நான் தப்பிக்க வழி பார்க்க வேண்டும்.

"எத்தினி நாளா துன்றீங்க?" என்றாள்.

எதை என்று கேட்டேன். உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து மூடியைத் திறந்தாள். உருகி, உறைந்து, மறுபடி உருகி, கட்டிகளெல்லாம் காகிதத்தோடு ஒன்றாகச் சேர்ந்து ஒரே பாளமாகக் கிடந்தது. எவ்வளவு இருந்தது, எவ்வளவு குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஓரத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அதைக் காட்டி, விரலால் வழித்திருக்கிறீர்கள் என்றாள். உருகினால் பள்ளம் விழாதா என்று கத்தினேன். எறும்பு மெனக்கெட்டுப் பொய் சொல்லாது என்றாள். அதோடு விட்டாளா? மாலையில் மாதா முன்னால் முழங்கால் போட்டு, திருட்டு நாக்குக்குப் புத்தி கொடு தாயே என்று என் காதில் விழும்படி செபம் சொன்னாள்.

என் வாழ்நாளில் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. தின்றுவிட்டுத் திட்டு வாங்கினால்கூடப் பரவாயில்லை. வெந்தயம் மென்று நாக்கு மரத்துப்போனவனைத் திருடன் என்றால் எப்படி இருக்கும்? அவளோடு பேச்சை நிறுத்தினேன். அவளும் பேசவில்லை. களியைத் தட்டில் போட்டு நகர்த்திவிட்டுப் போவாள். மறைப்பில் எறும்பு மட்டும் போகவில்லை.

பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் காலையில் பழைய டானிக் பாட்டில் ஒன்றைக் கழுவி, அதில் மூத்திரத்தைப் பிடித்துத் தக்கை அடைத்துக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரன் பாட்டிலையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு காதோடு, மண்ணெண்ணெய் எங்கே கிடைத்தது, தனக்கும் ஒரு சொட்டு கிடைக்குமா என்று கேட்டான். இருந்த ஆத்திரத்தில் கொடுத்துவிட்டே வந்திருப்பேன்.

டாக்டர் குழாயைச் சூடு காட்டினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீலம் நீலமாகவே இருந்தது. அடியில் கொஞ்சம் பச்சை, அவ்வளவுதான். சர்க்கரை நன்றாக இறங்கிவிட்டது, புண்ணும் ஓரத்தில் மூட ஆரம்பித்துவிட்டது, காலுக்கு இனி பயமில்லை என்றார். எனக்குக் கால் பிழைத்த சந்தோஷத்தைவிட, வீட்டுக்குப் போய் அவள் மூஞ்சியில் அடிக்க ஒரு பதில் கிடைத்த சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் என்னென்ன சொல்லலாம் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வாசலில் கால் வைத்ததுமே ஆரம்பித்தேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். திருடன் என்றாயே, எறும்பு பொய் சொல்லாது என்றாயே, இப்போது போய் உன் எறும்பைக் கேள் என்றேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவள் பானையிலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். செம்பை வாய்வரை கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

"அப்ப அது யாருது?" என்றாள்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். செம்பைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தேன். வளையல் முழங்கைவரை ஏறிப்போய்க் கிடந்தது.

மறுநாள் அதே பஸ், அவளுக்கும் ஒரு பாட்டில். டாக்டர் சூடு காட்டினார். என்னுடையது முதல்முறை நின்ற செங்கல் நிறத்துக்கு அவளுடையது சூடு பட்ட மாத்திரத்திலேயே போய்விட்டது. என்ன சாப்பிடுகிறாய் அம்மா என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். என் பங்கு ரேஷன் சர்க்கரை, என் பங்கு வெல்லம், எனக்கு ஆகாதென்று நிறுத்திய அரிசி, எல்லாவற்றையும் அவள்தான் தின்று தீர்த்திருக்கிறாள். வீட்டில் இருந்தால் என் கண்ணில் படும், பட்டால் நான் தின்பேன், ரேஷனில் கிடைப்பதை வேண்டாம் என்று விடுவதும் பாவமாம். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஒருசந்தியை இன்றோடு விட்டுவிட வேண்டும், புருஷனுக்குச் சமைப்பதையே வேளை தவறாமல் சாப்பிட வேண்டும், விட்டால் ஒரு வருஷம் தாங்காது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியில் பஸ் மேட்டில் ஏற முடியாமல் நின்றபோது எல்லோரும் இறங்கித் தள்ளப் போனார்கள். நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அந்த டப்பாவை எங்காவது கொண்டுபோய்விடு என்றாள். மத்தியானத்தில் அந்த வாசனை வந்தால் தனக்கும் நாக்கு ஊறுகிறது, நான் வெளியே போனபிறகு அதன்மேல் போர்வையைப் போட்டு மூடி வைப்பாளாம். நீயும் ஒரு விள்ளல்கூடத் தின்னவில்லையா என்று கேட்டேன். நேர்ந்து வைத்ததை எவளாவது தொடுவாளா என்று என்மேல் பாய்ந்தாள். டப்பாவைக் கோயிலில் சாமியாரிடம் ஒப்படைத்தேன். மச்சான் திரும்புகிறவரை அவர் அதைத் தொடாமல் இருப்பார் என்று நான் நம்பவில்லை, ஆனால் அது அவர் பாடு.

அன்று மத்தியானம் ஒரே சட்டியில் சமைத்தாள். இரண்டு தட்டிலும் களி, இரண்டு தட்டிலும் பிழிந்த பாகற்காய். முதல்முறையாக என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு வாய் வைத்தாள். மென்றாள். விழுங்க முடியாமல் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"இதத்தான் இத்தினி நாளா துன்னியா நீ?"

ஆமாம் என்றேன்.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

தினமும் சொன்னேனே, மாடுகூடத் தின்னாது என்று தட்டு வைத்தபோதெல்லாம் சொன்னேனே என்றேன். அவள் இன்னொரு வாய் பிட்டு, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நீ எல்லாத்தயுந்தான் திட்ற. அதுல எது நெசம்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் எழுந்து போய் உப்புச் சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். தட்டில் இருந்ததை இரண்டு பேரும் தின்று முடித்தோம்.