அட்டையில் வரைந்த கீபோர்டு

நேற்று பாயான் பாரு நகரில், பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடையில் ஒரு பிளாஸ்டிக் உறையை உருவியதும் பூஞ்சை நாற்றம் முகத்தில் அடித்தது. எப்போதோ இடித்துத் தள்ளிவிட்ட எங்கள் தமிழ்ப்பள்ளியின் கம்ப்யூட்டர் அறை அப்படியே திரும்பி வந்தது.

கோயிலுக்குள் போவதுபோல் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் அதற்குள் நுழைவோம். ஈரக் காலுறைகளின் வீச்சத்தை ஏர்கோனின் குளிர்காற்று சுற்றிச் சுற்றி எங்களுக்கே ஊட்டும். ஆயுத பூசைக்கு வைத்த குங்குமத்தோடு கம்ப்யூட்டர்கள் உறைக்குள் கிடக்க, நாங்கள் தரையில் உட்கார்ந்து, கீபோர்டு வரைந்த மணிலா அட்டையில் விரல் பழகுவோம். முந்தைய வகுப்புப் பிள்ளைகளின் விரலில் ஒட்டிய சம்பால் மிளகாய்ச் சாந்தின் எண்ணெய் அதில் பிசுபிசுக்கும்.

"நெசத்தைத் தொட்டா கெட்டுப் போயிரும்லா," என்பார் டீச்சர்.

கல்வி அதிகாரி வந்த அன்று மட்டும் டீச்சர் உறைகளை உருவி, எங்களை நாற்காலியில் உட்காரவைத்தார்.

"கையை மேல வெச்சுக்குங்க. அமுக்கக்கூடாது."

"கம்ப்யூட்டர் பிடிக்குமா?" என்று அதிகாரி கேட்டார். பிடிக்கும் என்று கத்தினோம். படம் எடுத்தார்கள், பெரிதாக்கிப் பள்ளி வாசலில் மாட்டினார்கள்.

பக்கத்து ஃபேக்டரியில் நாள் முழுக்கக் கீபோர்டுகளை அமுக்கிச் சோதிப்பதுதான் அம்மாவின் வேலை. வேலைச் சட்டையோடு வந்து படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"கீபோர்டுல ஒருத்தர் வெரலும் படலையேடி," என்றார்.