காயக்கூடாத மாவு

கருங்குழி சிநேகாவுக்கு முப்பத்தொரு வயது. படாளம் பக்கம் முகப்பரு மருந்து தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் எடை போடும் அறை அவள் பொறுப்பில் இருந்தது. படிப்பு பன்னிரண்டாவதோடு நின்றுபோனாலும், ஆறு வருடம் கண்ணையும் காதையும் திறந்துவைத்து வேலை கற்றவள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் இப்படிச் சொல்வாள்: "அந்த மருந்த அப்டியே பூசுனா மூஞ்சி எரியும். அதான் கண்ணுக்கே தெரியாத பஞ்சு உருண்டைங்களுக்குள்ள ஏத்தி ஜெல்லுல கலக்குறோம். பூசிக்கினா உள்ளேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா கசியும்."

மருந்து, நனைத்த அரிசிமாவு போல ஈரத்தோடுதான் டப்பாவில் வரும். ஈரம் இருக்கிறவரை சாது. காய்ந்துபோய், சூடோ உரசலோ பட்டால் வெடிக்கும்.

போன வருடம் கங்காதரன் மேற்பார்வையாளராக வந்தான். பஞ்சு உருண்டைகள் இரண்டு முறை திரளாமல் கூழாகிப் போனதில் முதலாளி அவனை வறுத்தெடுத்துவிட்டார். மாவிலிருக்கும் தண்ணீர்தான் கெடுக்கிறது என்று அவனாகவே முடிவு கட்டினான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை சிநேகா உள்ளே நுழைந்தபோது, மூன்று தட்டுகளில் மாவைப் பரப்பியிருந்தான். ஒரு தட்டு ஏற்கெனவே உலர்த்தும் அடுப்புக்குள் இருந்தது.

"இன்னா சார் பண்றீங்க? அது காயக் கூடாது. வெடிச்சிரும்!"

"எனக்கே பாடம் எடுக்கறியா? எத்தினியாவது படிச்ச நீ?"

"டப்பா மேலயே எழுதிக் கீது சார், பாருங்க!"

அவள் அடுப்பின் சுவிட்சை நோக்கிக் கைநீட்டினாள். அவன் அவள் முடியைப் பிடித்து இழுத்து ஓங்கி அறைந்தான். அலமாரி விளிம்பில் மோதி நெற்றி பிளந்தது. ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. கலவை இயந்திரம் ஓட்டும் கிருபாகரன் "வுடுங்க சார்" என்று முனகியதோடு சரி.

சிநேகா தரை கழுவும் வாளியைத் தூக்கி வெளியே இருந்த இரண்டு தட்டுகளிலும் தண்ணீரைக் கொட்டினாள். கங்காதரன் அவள் வயிற்றில் உதைத்தான். மூச்சடைத்து மடங்கியவள், கையிலிருந்த வாளியாலேயே அவன் முழங்காலில் அடித்தாள். விழுந்தவன் முதுகில் இன்னொரு அடி விழுந்தது.

"மெயின ஆஃப் பண்ணுடா!" என்று கிருபாகரனைப் பார்த்துக் கத்தினாள். அவன் ஓடினான்.

அதற்குள் கங்காதரன் நொண்டியபடி எழுந்து போய் அடுப்பைத் திறந்து தட்டை இழுத்தான். மிஞ்சிய ஒன்றையாவது காப்பாற்ற நினைத்தான் போலும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க இரும்புக் கரண்டியால் சுரண்டினான்.

சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. எல்லாம் வெள்ளையாகிப் போனது. கண் தெளிந்தபோது கங்காதரனின் வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. இடது கண் சிதைந்திருந்தது. சட்டை எரிந்துகொண்டிருந்தது. அவன் கால்களைப் பிடித்து வெளியே இழுத்தாள். இழுக்கும்போதும் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டுதான் இழுத்தாள். தீயை அணைத்ததில் அவள் முன்கை வெந்துபோனது.

அவள் அடுப்புக்குள் தண்ணீர் ஊற்றியதால்தான் வெடித்தது என்று கம்பெனி சொன்னது. நான்காம் நாள் கங்காதரனின் மைத்துனன் இரண்டு பேரோடு தடியெடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தான். அவள் அம்மா சந்திரம்மா மீன் நறுக்கிக்கொண்டிருந்தவள், அரிவாள்மணையோடு எழுந்தாள்.

"வூட்டுக்குள்ள கால வெச்ச, அந்தக் கால எட்த்துருவேன்!"

தடி அம்மாவின் தோளில் இறங்கியது. சந்திரம்மா வீசிய வீச்சில் மைத்துனனின் ஆடுதசை பிளந்தது. தெரு திரண்டதும் மூவரும் ஓடினார்கள். இரு பக்கமும் வழக்குப் பதிவானது.

வெடிப்பு பற்றிய விசாரணையில் கிருபாகரன் இரண்டு முறை வாயைத் திறக்கவில்லை. சிநேகா அவன் வீட்டுக்கே போய்ச் சட்டையைப் பிடித்தாள்.

"நீ பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன்கா."

"அப்ப அங்க வந்து சொல்லு."

மூன்றாம் முறை நடந்ததை அப்படியே சொன்னான். தண்ணீர் ஊற்றியும் வெடிக்காமல் கிடந்த இரண்டு தட்டுகளையும் விசாரணை அதிகாரி பார்த்திருந்தார். சிநேகாமீது சுமத்திய பழி நீங்கியது. கம்பெனியைப் பூட்டினார்கள்.

இப்போது அவள் திருக்கழுக்குன்றம் சாலையில் வேறொரு கம்பெனியில் அதே வேலை பார்க்கிறாள். இடது காது கேட்பதில்லை. மேலதிகாரியை அடித்தது தப்பில்லையா என்று அங்கே ஒருத்தி கேட்டாள்.

"தப்புதான்," என்றாள் சிநேகா. "இன்னும் ரெண்டு போட்டிருக்கணும். எழுந்திருச்சிருக்க மாட்டான். கண்ணாவது மிஞ்சியிருக்கும்."